நீர்ச்செம்மலின் தண்ணித் தாங்கி

– கிளாஸக் கீழ வை, நஸீறா. தண்ணிய மணந்து பாக்கிறதெல்லாம் நல்ல குடும்பத்துப் பொம்புளைக்கி அழகில்ல.

– நான் மணந்து பாக்கல்ல. அது தானா வந்து மூக்குல ஏறுது. இஞ்சாருங்க, நீங்களும் ஒருக்காப் புடிச்சிப் பாருங்க. மீன் கழுவின வாளி மாதிரி இல்லியா?

– மழைத் தண்ணிக்கெண்டு ஒரு வாசம் இரிக்கி. வானத்து வாசம். குளோறின் தண்ணி குடிச்சிப் பழகின மூக்குக்கு அது புடிபடாது.

– வானத்துல ஆரு கருவாடு காயப் போட்ட?

– ஒரு விசயத்த விளங்கிக்கணும். இன்னம் அரை மணித்தியாலத்துல, அசறுத் தொழுகைக்கி முன்னமே, கொழும்பிலிரிந்து பிரதம அதிதி வாறார். மழைத் தண்ணியச் சேத்து, வெயில்ல ஓடுற மோட்டரால மேல ஏத்தி, ஒரு முழு ஊட்டுக்கும் குழாயில குடுக்கிறது எப்பிடி எண்டு பாக்க வாறார். பாத்து மனசு நெறஞ்சா, நூறு ஊட்டுக்கு இதே திட்டம். நூறும் எனது தலைமையின் கீழ். மருதமுனையில கைத்தறிச் சாரம் வித்த மீராமுகைதீன் இண்டைக்கி எங்க நிக்கிறான் பாத்தியா? இது வரலாறு.

– வரலாறு நாறுது எண்டுதான் நானும் சொல்றன்.

– ஒனக்கு எல்லாத்துலயும் பகிடி.

– பகிடியா? நம்மட மகள் றுஸ்தா மூணு நாளா ஆஸ்பத்திரியில கெடக்காள். ஏழு மாசப் புள்ளய வகுத்துல வெச்சிக்கிட்டு வாந்தியும் பேதியும். கையில குத்த இடமில்லாம சேலைன் ஏறுது. இண்டைக்கிக் காலையிலயும் டொக்டர் கேக்காரு, என்ன தின்ட, என்ன குடிச்ச எண்டு. காரணம் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்கலாமாம்.

– அந்தக் காரணத்தத்தான் சம்பந்திக்காரி றம்லா சொல்லிட்டாவே.

– ஓம், சொல்லிட்டா. நேர்ஸ்மாருக்கும் கேக்க, வாட்டுக்கு நடுவுல நிண்டு சொன்ன. நஸீறா பழைய சுறாக்கறியச் சூடாக்கிக் குடுத்து என்ட மருமகளக் கெடுத்திட்டா எண்டு. ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி உட்டதும் புள்ளய றம்லா அவட ஊட்டுக்குக் கூட்டிப் போறாவாம். என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த ஊடு இது. நாளைக்கி றுஸ்தாட ஊடு. இஞ்ச வெச்சி அவளுக்குப் பேறு பாக்க எனக்குத் தகுதியில்லயாம். இந்தக் கரையில எந்தப் புள்ளயாவது உம்மாட ஊட்ட உட்டுப்போட்டு மாமிட ஊட்டுல பெத்திரிக்கா? அவ அதச் சொல்லக்குள்ள நீங்க பக்கத்துல நிண்டு தலைய ஆட்டினீங்க!

– பொது இடத்துல வாக்குவாதப்பட்டா என்ட நிலைக்கி...

– சுறா வெச்சது சனிக்கிழம. வாந்தி தொடங்கினது புதன்கிழம விடிய. நாலு நாள் வகுத்துக்குள்ள படுத்துக் கெடந்துட்டா சுறா எழும்பின? எடயில புதுசா அவ வாயில வெச்சது ஒங்கட இந்தத் தண்ணி மட்டும்தான். செவ்வாக்கிழம ராச்சோத்தோட ஐஸ் போட்டு ரெண்டு கிளாஸ் குடிச்ச. நீங்க முன்னுக்குத்தான் இரிந்த.

– நீயும் இதே தண்ணியத்தானே பாவிக்கிறாய். ஒனக்கு ஒண்டும் இல்லியே.

– எனக்கு வெறுந்தேத்தண்ணி இல்லாம வேற ஒண்டும் இறங்காது எண்டு ஒங்களுக்குத் தெரியும். கொதிக்க வெச்ச தண்ணி. பேத்தி அப்னாக்கும் பால்தான். றுஸ்தாக்குத்தான், கொதிக்க வெச்சாச் சத்துப் போயிடும், பச்சையாக் குடிச்சாத்தான் புள்ள அறிவாப் பொறக்கும் எண்டு நீங்க பாடம் எடுத்த.

– டொக்டரிட்ட மட்டும் தாங்கிக் கதைய எடுத்துராத. மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் போத்தலோட வந்து வாசல்ல நிப்பார்.

– வரட்டுமே.

– இண்டைக்கி வேணாம். நாளைக்கி வரட்டும். அது சரி, அப்னா ஏன் பின்வளவுல நிண்டு அழுறாள்?

– ஏன் அழுறாளா? உம்மா ஆஸ்பத்திரியில. வாப்பா கட்டார்ல. இருந்த ஒரு பூனையையும் காணல்ல. சாப்புடாமக் கொள்ளாம "சீனி, சீனி" எண்டு வேலிக்கு வேலி கூப்புட்டுக்கிட்டுத் திரியிறாள். நீங்களும்தானே நேத்து அவள்ட கையப் புடிச்சிக்கிட்டு ஒழுங்கை முழுக்கச் சீனியத் தேடின.

– சின்னப் புள்ள அழுதா மனசு கேக்குதா? பூன பாண்டிருப்புக் கடக்கரைக்கி மீன் தின்னப் போயிரிக்கி, வகுறு நெறஞ்சா வரும் எண்டு சொல்லி வெச்சிரிக்கன்.

– அந்த இரக்கத்துல ஒரு சொட்ட மகளுக்கும் காட்டியிரிக்கலாம்.

– ராத்தா! ஏணி எங்க கெடக்கு?

– வந்திட்டியா பாயிஸ்? கிணத்தடியில கெடக்கு, எடு தம்பி.

– இவன ஆரு கூப்புட்ட?

– நான்தான். சம்மாந்துறையில வேலைய உட்டுட்டு வா எண்டு கூப்புட்ட. மோட்டரும் சோலார் பெனலும் பூட்டினவன் அவன். தண்ணி ஏன் நாறுது எண்டு அவனே பாத்துச் சொல்லட்டும். ஏறு தம்பி, மேல் தாங்கியத் தொறந்து பாரு.

– பாயிஸ், நில்லு மச்சான். பெனல்ல நேத்துத்தான் ஷாம்பு போட்டுக் கழுவி வெச்சிரிக்கி. கை படாத. ட்ரோன்ல படம் எடுக்கப் போறாங்க.

– நான் பெனல்ல கை வைக்கல்ல மச்சான். தாங்கியத்தான் தொறக்கன்... யா அல்லாஹ்!

– என்ன தம்பி?

– ராத்தா, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் கதைக்கன். தண்ணிக்கி மேல ஆடை கட்டியிரிக்கி. பாலாட மாதிரி. நெறம் மட்டும் பச்ச.

– சீ! அதத்தான் நான் அரிசி களையப் பாவிச்சனா?

– நில்லுங்க, கூரைத் தண்ணி ஓடுற பீலியையும் பாக்கன்... மச்சான்! முதல் மழையக் கழிக்கிற குழாய்ட வாயில ஆரு சீமெந்து பூசின?

– நான்தான் பூசச் சொன்ன.

– படிச்சிப் படிச்சி சொன்னன் தானே! அஞ்சு மாசமா வெயில்ல கெடந்த கூரை. முதல் மழை குடிக்கிற மழை இல்ல, கூரையக் கழுவுற மழை. அரை மணித்தியாலம் அது அந்தக் குழாயால கழிவுக் கானுக்குப் போகணும். மறுகாதான் தாங்கிக்குத் தண்ணி எடுக்கணும் எண்டு சொன்னன் தானே!

– பாயிஸ், மழை எண்டா றஹ்மத்து, அல்லாட அருள். அதுலயும் முதல் மழை தனி றஹ்மத்து. அல்லாட றஹ்மத்தக் கானுக்குள்ள உட்டுட்டு நாளைக்கி மறுமையில என்ன பதில் சொல்ற? "ஒரு துளியேனும் வீணாகாத ஓர் உன்னதத் திட்டம்." என்ட உரையில மூணாம் பக்கம். கைதட்டலுக்கெண்டு இடமும் உட்டிரிக்கன்.

– றஹ்மத்து மேல இரிந்து சுத்தமாத்தான் வந்த மச்சான். ஒங்கட கூரையில இறங்கினதுக்குப் பொறகுதான் அதுக்கு இந்த நெலம.

– பீலியில என்ன கெடக்கு தம்பி?

– கேக்காதீங்க ராத்தா.

– சொல்லுடா. அதுல சோறாக்கித் தின்டிரிக்கன். கேட்டாத்தான் என்ன கொறஞ்சி போகப் போகுது?

– காக எச்சம் ஒரு விரக்கட மொத்தத்துக்குக் கெடக்கு. எலும்பு கெடக்கு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கிப் பக்கத்து வளவுல மாடு அறுத்தாங்க தானே? குடல் கொழுப்பையெல்லாம் காகங்கள் தூக்கிட்டு வந்து இஞ்ச வெச்சித்தான் பங்கு போட்டிரிக்கி. மிச்சம் அஞ்சு மாசமா வெயில்ல காஞ்சி, செருப்புத் தோலாட்டம் ஆகி, இப்ப மழையில ஊறித் திரும்பவும் குடலாகிட்டு.

– த்தூ!

– வலையையும் காணல்ல. குப்ப போகாம வாய்க்கி ஒரு கம்பி வல அடிச்சிரிந்தன். அதையும் வெட்டியிரிக்கி.

– வல இரிந்தா தண்ணி சிணுங்கிச் சிணுங்கித்தான் விழுது மச்சான். வீடியோவுக்கு ஒரு கெம்பீரம் வேணுமா இல்லியா?

– இப்ப கெம்பீரமாத்தான் போயிரிக்கி. குடலோட. எனக்கிரிக்கிற கவல என்ன தெரியுமா ராத்தா? என்ட மோட்டர் நல்ல மோட்டர். இந்தக் கிழம முழுக்க மழை ஓய்ஞ்சி நல்ல வெயில். ஒரு நிமிசம் நிக்காம, கீழ கெடந்த அரியண்டத்தையெல்லாம் மேல ஏத்தி, குசினிக் குழாய் வரைக்கும் கொண்டு வந்து தந்திரிக்கி. ஒரு கோளாறும் இல்ல.

– இறங்கி வா தம்பி. கீழ்த் தாங்கியத் தொறந்து பாப்பம். எல்லாத்துட வேரும் அங்கதான் இரிக்கி.

– அதுல கை வைக்க ஏலா!

– ஏன் ஏலா?

– வெல்வெட்டுப் போத்தி ரிபனும் கட்டியாச்சி. பிரதம அதிதி வெட்டுற ரிபன நீ மீன் வெட்டுற கத்தியால வெட்டப் போறியா?

– பாயிஸ், அந்தத் துணிய வெலக்கிக் கல்லுல என்ன எழுதியிரிக்கி எண்டு வாசி. நான் கண்ணாடி போடல்ல.

– "தேசமான்ய, சாமஸ்ரீ, நீர்ச்செம்மல் அல்ஹாஜ் மீராமுகைதீன் அவர்களின் அயராத சிந்தனையில் உதித்த..."

– நில்லு. நீர்ச்செம்மலா? அது எப்ப கெடச்ச?

– இண்டைக்கித்தான் தரப் போறாங்க. பொன்னாட போத்தி.

– பொன்னாடைய ஆரு வாங்கின?

– அதெல்லாம் விழாக் குழுவுட வேல.

– கல்முனை பசார்ல நீங்களே பேரம் பேசி வாங்கின பொன்னாட அலுமாரிக்குள்ள, என்ட சேலைக்கி அடியில கெடக்கு. வெலச் சீட்டும் கழட்டல்ல. போத்துற மனிசன்ட கையில குடுக்கக்குள்ள அதையாவது கழட்டிக் குடுங்க. சரி, என்ட வாப்பா கட்டின ஊடு, என்ட கூரை, என்ட வளவு. கல்லுல எங்கயாவது என்ட பேர் இரிக்கா தம்பி?

– இல்ல ராத்தா. கல்லு வெட்டினவன்ட பேர் இரிக்கி.

– நல்லது. இந்த நாத்தத்துல என்ட பேர் இல்லாததே ஒரு றஹ்மத்து.

– மச்சான், ஒரு சின்னக் கேள்வி. திங்கக்கிழம பின்னேரம் படம் புடிக்க ஆள் வந்த தானே? மூடியத் தொறந்து, வாளியக் கையில புடிச்சிக்கிட்டு நிண்டீங்களே, பேஸ்புக்கிலயும் கண்டன். மூடிய அண்டைக்கே போட்டீங்களா?

– போட்டன்.

– அண்டைக்கேவா?

– விடிஞ்சி போட்டன். படத்துக்கு ஐநூறு பேர் கொமெண்ட் போட்டிரிந்தாங்க. எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் சொல்லி முடிக்கவே சாமம் ஆகிட்டு.

– தண்ணித் தாங்கிய ஒரு ராத்திரி வாயப் பொளந்த மாதிரி உட்டீங்களா?

– ஒரு ராத்திரியில என்ன வந்திரும்? பனி உழுந்திரிக்கும். பனியும் மழையும் ஒரே தாய்ட புள்ளதான்.

– ராத்தா, இன்னொரு விசயம். சொன்னா மச்சானுக்குக் கோவம் வரும்.

– வரட்டும். சொல்லு.

– முபாறக் காக்காட கடையில வெத்திலைக்கி நிண்டன். ஒங்கட மச்சான் கிழம நடுவுல இரிந்து ஒரு நாளைக்கி ரெண்டு பெரிய போத்தல் தண்ணி எடுக்காரு, ஊட்டுல என்ன விசேசம் எண்டு கேட்டாரு.

– விருந்தாளிகளுக்கு எடுத்து வெச்ச, மச்சான்.

– விருந்தாளிகள் ஒங்கட கட்டிலுக்குக் கீழயா இரிந்து குடிச்ச? பொன்னாட கண்ட கையோட கட்டிலுக்கடியையும் கூட்டினன். எட்டு வெறும் போத்தல் உருண்டு வந்த. ராவுல மருந்து குடிக்கார் போல எண்டு நெனச்சன். எட்டுப் போத்தல்! செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. கணக்குச் சரிதானே?

– எனக்குத் தொண்ட கட்டியிரிந்த. உரை ஆத்துறவனுக்குத் தொண்ட...

– ஒழு எங்க எடுக்கிற?

– என்ன?

– தொழுகைக்கி முன்ன கை கால் கழுவி ஒழு எங்க எடுக்கிற எண்டு கேக்கன். செவ்வாக்கிழமையில இரிந்து அஞ்சு வக்தும் பள்ளியில, அதுவும் பாங்குக்கு முன்னமே போய் நிக்கிறீங்க. மனிசன் திருந்திட்டாரு எண்டு ஊர்ச் சனம் என்னட்ட வந்து சந்தோசப்பட்ட. நானும் அழுத. குளிக்கிறது எங்க? தங்கச்சிட ஊட்டுல. இந்த ஊட்டுக் குழாய்ல நீங்க கை கழுவி நாலு நாள். நான் மட்டும் குடலுக் கஞ்சியில ஒழு எடுத்துத் தொழுதிரிக்கன். அந்தத் தொழுகையெல்லாம் ஆரு திரும்பத் தொழுது கழாச் செய்ற? பிரதம அதிதியா?

– மெதுவாக் கதை. வாசல்ல கதிரை அடுக்கிறாங்க.

– அப்ப ஒங்களுக்குத் தெரியும். தண்ணி கெட்டுப் போன எண்டு செவ்வாக்கிழமயே தெரியும்.

– சந்தேகம் இரிந்த. சந்தேகம் மட்டும்தான்.

– சந்தேகத்துக்கு நீங்க போத்தல் வாங்கிக் குடிச்ச. செவ்வாக்கிழம ராவு றுஸ்தா முன்னுக்கிரிந்து கிளாஸ எடுத்தாள். ரெண்டாவது கிளாஸும் எடுத்தாள். ஒங்கட வாயிக்கி என்ன நடந்த? மூணு மணித்தியாலம் மைக்குல கதைக்கிற வாய்!

– நஸீறா, கோவப்படாமக் கேளு. எல்லாத்துக்கும் ஏற்பாடு இரிக்கி. கூசாவுல போத்தல் தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன். அதிதிமார் அதத்தான் குடிப்பாங்க. ஒருத்தருக்கும் ஒண்டும் வராது. அவங்கட வேன் அங்கால திரும்பட்டும், இஞ்சால நானே நிண்டு தாங்கி, பீலி, குழாய் எல்லாத்தையும் கழுவுறன். ஒரு பின்னேரம் மட்டும் நீ வாயத் தொறக்காம இரி. நூறு ஊட்டு ஏழைகள நெனச்சிப் பாரு.

– நூறு ஊட்டுலயும் ஒவ்வொரு புள்ளத்தாச்சி இரிக்கும். அதத்தான் நெனச்சிப் பாக்கன்.

– மச்சான், வேன் வந்திட்டு! ரெண்டு. வெள்ள வேன்.

– பாயிஸ், ஓடிப் போய் மாலையக் குடு. ரிபன் தட்டத்த எடு. நஸீறா, முக்காட்டச் சரியாப் போடு. கத்தரிக்கோல் எங்க?

– தம்பி, நீ வாசலுக்குப் போ. அவங்கள ரெண்டு நிமிசம் கதிரையில இரித்து. நீங்க இஞ்ச வாங்க.

– என்ன புள்ள இது, இந்த நேரத்துல?

– இந்தாங்க கிளாஸ். இப்பதான் குசினிக் குழாய்ல புடிச்ச. நீங்க இதக் குடிங்க.

– நான் நோன்பு.

– காலையில ஆறு ரொட்டி தின்டிட்டு இரிக்கிற நோன்புக்கு என்ன பேர்?

– நஸீறா...

– கேளுங்க. கடைசியாக் கேக்கன். இந்தத் தண்ணியால என்ட புள்ளைக்கி ஒண்டும் வரல்ல எண்டு நீங்க நம்பினா, பிஸ்மி சொல்லி ஒரு கிளாஸ் குடிங்க. போதும். நீங்க குடிச்சிட்டா நான் ஆருட்டயும் மூச்சு உட மாட்டன். ஆஸ்பத்திரிக்கிப் போய், நான் குடுத்த பழைய சுறாதான் டொக்டர் எண்டு என்ட வாயால சொல்றன். றம்லாட கையப் புடிச்சி மன்னிப்பும் கேக்கன். புள்ளய அவட ஊட்டுக்கே கூட்டிப் போகட்டும். நீங்க நீர்ச்செம்மலா இரிங்க. எனக்கு ஒரு கிளாஸ். அவ்வளவுதான்.

– வாசல்ல பாக்காங்க.

– பாக்கட்டும். குடிங்க.

– குடல் கெடந்த தண்ணி எண்டு தெரிஞ்ச மறுகா எப்பிடிக் குடிக்கிற?

– நீங்கதானே றஹ்மத்து எண்ட. எச்சமும் குடலும் காஞ்சி கரைஞ்சது. அத நான் நாலு நாளாத் தேத்தண்ணியாக் குடிச்சிட்டு உசிரோடதான் நிக்கன். ஒரு மொடறு குடிச்சா ஒங்களுக்கு என்ன வந்திரும்? இல்லாட்டி நான் இந்தக் கிளாஸோட வாசலுக்குப் போறன். பிரதம அதிதிட கையில குடுக்கன்.

– மச்சான்! இவங்க எழும்பிட்டாங்க. தாங்கிக்கிட்ட போறாங்க. அதிதி ரிபன வெட்டிட்டு மூடியையும் தொறந்து பாக்கணுமாம்!

– தொறக்க உடாத பாயிஸ்! தொறக்க உடாத எண்டு சொல்லு!

– ஏன்? குடல் கரைஞ்ச தண்ணிதானே. மேலால பாத்தா என்ன தெரியும்? ஏன் இப்பிடிக் கத்துறீங்க? அதுக்குள்ள வேற என்ன இரிக்கி? சொல்லுங்க. டொக்டருக்கு நான் என்ன எண்டு சொல்ற?

– அப்னாட்ட மட்டும் சொல்லிராத, நஸீறா. செவ்வாக்கிழம காலையில மூடியப் போடக்குள்ளதான் சீனியக் கண்டன், மிதந்துக்கிட்டுக் கெடந்த, அப்பிடியே மூடிட்டன். நான் என்ன செய்ற, அழைப்பிதழ் எல்லாம் குடுத்து முடிஞ்சிட்டு.